நிதியியல் முதுகலைக்கு எஸ்.ஓ.பி. எழுதுவது: குமரி மாவட்டத்திலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு முழு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பி.காம்., பி.பி.ஏ., பி.இ. முடித்துவிட்டு வெளிநாட்டில் எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறவர்களின் எஸ்.ஓ.பி.களை (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் அறிக்கை) ஒவ்வோர் ஆண்டும் வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஆங்கிலம் சரியில்லாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. வேலையைச் செய்யும் வரிசை தெரியாமல் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். கணினியைத் திறந்ததும் முதல் வரிக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வரி கடைசியில் எழுத வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை அந்தந்த இடத்தில் கீழே வைத்திருக்கிறேன். படிகளை மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் முந்தையதை நம்பி நிற்கிறது.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மதிப்பெண் பட்டியல்கள், எல்லா செமஸ்டருக்கும். ஞாபகத்தை நம்பி எழுதினால் பாடத்தின் பெயர் ஒன்றாகவும் பட்டியலில் இருப்பது வேறாகவும் வரும். விண்ணப்பத்தை வாசிக்கிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்டுக்கு அபிஷேகப்பட்டிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பொறியியல் படித்தவர்கள் சென்னைக்கு. நேரம் பிடிக்கும் வேலை என்பதால் எஸ்.ஓ.பி. தொடங்கும் வாரத்திலேயே அதற்கும் மனு போட்டுவிடுங்கள்.

அடுத்தது உங்கள் ரெஸ்யூமே, ஒரே பக்கம். மூன்றாவது, நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு படிப்பின் பாடப்பட்டியல், அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து நேரடியாக எடுத்தது. ஏஜென்சி தரும் வண்ணத்தாளில் இருக்கும் பட்டியல் பழையதாக இருக்கலாம். நான்காவது, எஸ்.ஓ.பி.யில் அவர்கள் கேட்கும் கேள்வியும் சொல் வரம்பும், அவர்கள் எழுதிய அதே வாசகத்தில்.

காலம்: பிரிட்டனின் பல படிப்புகளுக்குச் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம் திறக்கும். இடம் நிரம்ப நிரம்ப மூடிக்கொண்டு வருவார்கள். ஓணம் விடுமுறைக்குள் குறிப்புகள் தயாராக இருந்தால் அவசரம் இல்லாமல் எழுதலாம்.

2. எந்தக் கேள்விக்குப் பதில் என்று முடிவு செய்யுங்கள்

இணையத்தில் 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பிரிட்டனின் இளங்கலைச் சேர்க்கைக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸின் அறிக்கை. அது வேறு. அதற்கு 4,000 எழுத்து வரம்பு உண்டு, 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்தும் விட்டார்கள். முதுகலைக்குப் பொதுவாக அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேராகவே விண்ணப்பிக்கிறோம். வரம்பும் கேள்வியும் இடத்துக்கு இடம் மாறும். யூகாஸ் மாதிரிகளைப் பார்த்து முதுகலைக்கு எழுதினால் பள்ளி மாணவர் எழுதியதுபோல் இருக்கும்.

இன்னொரு குழப்பம் விசா அறிக்கை. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல், நீங்கள் உண்மையான மாணவர்தானா என்று அறியச் சில கேள்விகளை விசா விண்ணப்பத்திலேயே கேட்கிறது. குடும்பச் சூழல், ஊரில் உங்களுக்குள்ள பிடிப்பு, செலவுக்கு வழி எல்லாம் அங்கே பேச வேண்டியவை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் எஸ்.ஓ.பி.யில் 'படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்புவேன்' என்று உறுதிமொழி எழுதுவது வீண். அவர்கள் பார்ப்பது படிப்பை உங்களால் தாங்க முடியுமா என்பதை.

படிப்பின் வகையும் முக்கியம். எம்.எஸ்சி. ஃபைனான்ஸ், ஃபைனான்ஷியல் மேத்தமேட்டிக்ஸ், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் ஆகிய நான்கும் நான்கு வழி. எம்.பி.ஏ.வுக்கு வேலை அனுபவமும் குழுவை நடத்திய கதையும் வேண்டும். ஃபைனான்ஷியல் மேத்தமேட்டிக்ஸுக்கு நிகழ்தகவும் புரோகிராமிங்கும் வேண்டும். ஒரே அறிக்கையை நான்குக்கும் அனுப்பினால் நான்குக்குமே பொருந்தாது.

3. பாடப்பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் அந்தப் படிப்பின் கட்டாயப் பாடங்கள்: அசெட் பிரைசிங், கார்ப்பரேட் ஃபைனான்ஸ், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்), டெரிவேட்டிவ்ஸ் என்று. வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் நேராக, நீங்கள் ஏற்கெனவே செய்த ஏதாவது ஒன்று. படித்த தாள், செய்த புராஜெக்ட், வேலையில் பார்த்த கணக்கு, தானே கற்ற மென்பொருள்.

வலது பக்கத்தில் காலி இடம் விழும். விழட்டும். அந்தக் காலி இடங்கள் இரண்டு வகை. 'இதைக் கற்கத்தான் வருகிறேன்' என்று சொல்லக்கூடியவை ஒரு வகை, டெரிவேட்டிவ்ஸ் போல. 'இது இல்லாமல் வந்தால் முதல் செமஸ்டரே தாண்டாது' என்பவை இன்னொரு வகை. புள்ளியியலும் கால்குலஸும் அதில் சேரும். இரண்டாம் வகைக் காலி இடம் இருந்தால் எஸ்.ஓ.பி.யை நிறுத்திவிட்டு ஓர் ஆன்லைன் படிப்பையாவது முடியுங்கள். சொற்களால் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

பலர் இந்தத் தாளைப் போடாமலே எழுதத் தொடங்குகிறார்கள். அதனால்தான் 'உங்கள் பாடத்திட்டம் என் ஆர்வத்துக்குப் பொருந்துகிறது' என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒரு வாக்கியமும் கிடைப்பதில்லை.

4. உங்களிடம் இருப்பதைத் தமிழில் குவியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழில், பணம் சம்பந்தமாக நீங்கள் பார்த்தது, கணக்குப் போட்டது, புரியாமல் விட்டது எல்லாவற்றையும் எழுதித் தள்ளுங்கள்.

தக்கலைப் பக்கத்து மாணவி ஒருத்தி கொண்டு வந்த முதல் வரைவில் 2008 அமெரிக்க நெருக்கடி, வால் ஸ்ட்ரீட், உலகமயமாக்கல் எல்லாம் இருந்தன. அவள் மட்டும் அதில் இல்லை. 'இதில் நீ எங்கே?' என்று கேட்டதற்கு, 'நம்ம ஊர்ல என்னக்கா ஃபைனான்ஸ் இருக்கு?' என்றாள். பேசிக்கொண்டே போனதில் அவள் அம்மா ஏலச்சீட்டு கட்டுவதும், பாஸ்புக்கை எழுதி வைப்பது இவள்தான் என்பதும் தெரிந்தது. 'அப்போ அது ஃபைனான்ஸ் இல்லாம வேற என்ன மக்களே?' என்று கேட்டேன். மறுநாள் அந்தப் பாஸ்புக்கோடு வந்தாள்.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் 1,00,000. மூன்றாம் மாதம் ஒருவர் 25,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 75,000. தள்ளிய 25,000-இல் சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000 எல்லாருக்கும் பிரிகிறது, ஆளுக்கு 1,000. ஆகவே அந்த மாதம் எல்லாரும் 4,000 கட்டினால் போதும். கடைசி மாதம் எடுக்கிறவருக்கு ஏலமே இல்லை, கமிஷன் போக 95,000 கிடைக்கும்.

இதே சீட்டு முன்னால் எடுத்தவருக்குக் கடன், கடைசியில் எடுத்தவருக்குச் சேமிப்பு. முன்னவர் கட்டும் வட்டி எவ்வளவு? எடுக்கும் நாளில் அது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அடுத்த மாதங்களில் எவ்வளவு தள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்து அவருடைய தவணை மாறும். பாஸ்புக்கின் 20 வரிகளையும் எக்செலில் ஏற்றி ஐ.ஆர்.ஆர். (கட்டிய பணத்துக்கும் வாங்கிய பணத்துக்கும் இடையே ஒளிந்திருக்கும் வட்டி விகிதம்) போட்டால்தான் விடை வரும். மாணவி அதைச் செய்தாள். அப்புறம் 'சீட்டில் ஜாமீன் கேட்டும் ஏன் பேங்குக்குப் போகாமல் சீட்டு எடுக்கிறார்கள்' என்ற கேள்வி அவளுக்கே வந்தது. எந்த ஃபைனான்ஸ் துறையும் விரும்பி வாசிக்கும் கேள்வி அது.

எல்லார் வீட்டிலும் சீட்டு இருக்காது. குலசேகரம், அருமனை பக்கத்தவர்களுக்கு ரப்பர். ரப்பர் வாரியம் கோட்டயம் விலையையும் பாங்காக் விலையையும் நாள்தோறும் வெளியிடுகிறது. இரண்டு தொடரையும் இறக்கி, ஒன்று அசைந்தால் மற்றது எத்தனை நாளில் அசைகிறது என்று பார்ப்பது இளங்கலை மாணவரால் முடியக்கூடிய வேலை. வாரியம் சொல்லும் ஷீட் விலைக்கும் ஊர்க் கடையில் தரும் விலைக்கும், ஒட்டுப்பால் (ஸ்கிராப் ரப்பர்) விலைக்கும் உள்ள இடைவெளியை ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தால் அது இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தத் தரவு வேறு யாரிடமும் இருக்காது.

நகைக்கடன் இல்லாத தெரு நம்மூரில் இல்லை. ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில், விவசாயம் அல்லாத தேவைக்கான நகைக்கடனுக்கு வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம்வரை கொடுக்கலாம் என்றது, 2021 மார்ச் 31 வரை. லட்ச ரூபாய் நகைக்கு 75,000 கொடுத்திருந்தால் விலை கால்வாசி இறங்கும்வரை வங்கிக்குக் கவலையில்லை. 90,000 கொடுத்திருந்தால் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே அசலுக்கு நகை சரியாகிவிடும், வட்டிக்கு ஈடு இல்லை. 2020 ஆகஸ்டில் உச்சத்தில் இருந்த தங்கம் அடுத்த மார்ச்சுக்குள் நன்றாகவே இறங்கியது. அந்தச் சமயத்தில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருப்பது பெரிய நஷ்டம்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகள் ஒக்கிப் புயலைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் நடந்ததை மறந்துவிட்டு எழுதச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் துயரத்தை மட்டும் எழுதினால் வாசிக்கிறவர் வருந்துவார், உங்களைப் படிப்புக்குத் தகுதியானவர் என்று முடிவு செய்ய அவருக்கு எதுவும் கிடைக்காது. வள்ளத்துக்குக் காப்பீடு இருந்ததா, இல்லையென்றால் ஏன் இல்லை, பிரீமியம் எப்படிக் கணக்கிடுகிறார்கள், இழப்பீடு வரும்வரை குடும்பம் எந்தக் கடனில் ஓடியது என்று நீங்கள் தேடியது ஏதாவது இருந்தால் அதை எழுதுங்கள். தேடவில்லையென்றால் வேறு விஷயத்தை எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1982 சிட் ஃபண்டு சட்டத்தின்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது குற்றம். 'எங்கள் வீட்டில் சீட்டு நடத்துகிறோம்' என்று எழுதும் முன் அது பதிவு செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், நேர்காணலில் வரலாம்.

5. நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள்

குவியலிலிருந்து ஒன்றை எடுங்கள், மிஞ்சினால் இரண்டு. ஐந்தையும் சொல்ல ஆசை வரும். ஐந்தைச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிதான் கிடைக்கும், அப்புறம் அது ரெஸ்யூமேயை வாக்கியமாக்கியதுபோல் ஆகிவிடும்.

நடுப்பகுதி ஏன் முதலில்? அறிக்கையின் மற்ற எல்லாப் பகுதியும் இதிலிருந்துதான் பிறக்கிறது. நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பது தாளில் வந்த பிறகுதான் எந்தப் பாடம் தேவை, எந்த வேலைக்குப் போகப் பார்க்கிறீர்கள் என்பது தானாகத் தெளியும்.

எழுதப்போவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் காட்டுகிறேன். அந்த மாணவியின் முதல் வரைவு இப்படி இருந்தது:

'சிறு வயதிலிருந்தே எண்கள்மீது எனக்குத் தீராத ஆர்வம். என் தாயார் சிக்கனமாகக் குடும்பம் நடத்தியதைப் பார்த்து நிதி மேலாண்மையின் அருமையை உணர்ந்தேன். உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் என் அறிவை விரிவுபடுத்த விரும்புகிறேன்.'

பாஸ்புக் வந்த பிறகு:

'என் அம்மா கட்டிய 20 மாத ஏலச்சீட்டின் எல்லாத் தவணைகளையும் எக்செலில் பதிந்து, மூன்றாம் மாதம் எடுத்தவருக்கும் கடைசி மாதம் எடுத்தவருக்கும் ஐ.ஆர்.ஆர். கணக்கிட்டேன். முதலாமவர் கட்டிய வட்டிக்கும் இரண்டாமவர் பெற்ற வட்டிக்கும் இடையே இருந்த இடைவெளியில் கமிஷனின் பங்கு எவ்வளவு, அவசரத் தேவையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முயன்றேன். ஒரே ஒரு சீட்டை வைத்து அதைப் பிரிக்க முடியவில்லை. பல சீட்டுகளின் தரவை ஒன்றாக வைத்து ஆராயும் முறை எனக்குத் தெரியாது. எக்கனாமெட்ரிக்ஸ் கற்க வேண்டும் என்று முடிவு செய்தது அப்போதுதான்.'

இரண்டாவதில் ஆர்வம் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்தது, கண்டது, முட்டி நின்ற இடம், அடுத்துத் தேவைப்படுவது என்று நான்கும் வந்துவிட்டன. முட்டி நின்ற இடத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள். அது பலவீனம் என்று நினைக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவருக்கு அந்தப் படிப்பு எதற்கு? அந்த இடம்தான் உங்களை அவர்களுடைய வகுப்பறையோடு இணைக்கிறது.

6. கணக்குத் தெரியும் என்பதைத் தனியாகக் காட்டுங்கள்

நிதியியல் முதுகலையில் தேர்வுக் குழுவுக்கு இருக்கும் முதல் பயம், இவரால் கணக்கைத் தாங்க முடியுமா என்பது. பி.காம். படித்தவர்களிடம் அந்தப் பயம் இன்னும் அதிகம். ஆகவே பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாள்களின் மதிப்பெண்ணையும், அங்கே கற்றதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதையும் மூன்று நான்கு வரியில் எழுதுங்கள். பொறியியல் படித்தவர்களுக்கு இது இலகு. லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு எல்லாம் ஏற்கெனவே படித்தவைதான். அவர்களிடம் எழும் கேள்வி நேர்மாறானது: ஏன் நிதி? அதற்குப் பதில் நடுப்பகுதியில் இருக்க வேண்டும்.

பைத்தான், ஆர், எக்செல் என்று பட்டியல் போடாதீர்கள். எதைக் கொண்டு எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். சி.எஃப்.ஏ. (முதலீட்டுத் துறைக்கான தொழில்முறைத் தேர்வு) முதல் நிலை தேறியிருந்தால் அதைச் சொல்லலாம், ஆனால் பெயருக்குப் பின்னால் சி.எஃப்.ஏ. என்று போடக்கூடாது. மூன்று நிலையும் முடித்து, அனுபவமும் காட்டி, பட்டயம் பெற்றவர்களுக்குத்தான் அது.

அரியர் இருந்தால்? மதிப்பெண் பட்டியலில் தெரியும், மறைக்க வழியில்லை. இரண்டு வாக்கியம் போதும்: எந்தத் தாளில் விழுந்தது, திருப்பி எழுதி எவ்வளவு எடுத்தீர்கள், அதற்கப்புறம் அதே துறையில் என்ன செய்தீர்கள். காரணத்தை நீட்டி எழுதினால் அறிக்கை முழுவதும் அதைச் சுற்றியே நிற்கும். கணக்கு சம்பந்தமில்லாத தாளில் விழுந்த ஒற்றை அரியரைப் பேசவே வேண்டாம்.

7. ஏன் இந்தப் படிப்பு

மூன்றாம் படியில் போட்ட தாளை எடுங்கள். நடுப்பகுதியில் நீங்கள் முட்டி நின்ற இடத்துக்கு நேராக எந்தப் பாடம் இருக்கிறது? அந்தப் பாடத்தின் பெயரைச் சொல்லி, அதில் எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு பாடம் போதும். எல்லாப் பாடத்தையும் அடுக்கினால் அவர்களுடைய பக்கத்தை அவர்களுக்கே படித்துக் காட்டுவதாகும்.

தரவரிசை, கட்டடம், நகரத்தின் அழகு, முன்னாள் மாணவர்களின் புகழ் எல்லாவற்றையும் விடுங்கள். அவர்களுக்குத் தெரியும். பேராசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஏஜென்சியில் சொல்லி அனுப்புகிறார்கள். பிஎச்.டி.க்கு அது தேவை. பாடம் நடத்தும் முதுகலைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

இந்தப் பகுதியை மட்டும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் புதிதாக எழுத வேண்டும். ஒரு பெயரை அழித்து இன்னொன்றைப் போடும் வேலை ஆபத்து. எங்காவது ஓரிடத்தில் பழைய பெயர் தங்கிவிடும், அதோடு விண்ணப்பமும் முடிந்தது.

8. படித்த பிறகு என்ன

'உலகின் முன்னணி முதலீட்டு வங்கியாளராக' என்று எழுதுகிறவர்கள் நிறைய. முதல் வேலையின் பெயரைச் சொல்லுங்கள்: கிரெடிட் அனலிஸ்ட், ரிஸ்க் அனலிஸ்ட், கருவூலப் பிரிவு என்று எதுவாக இருந்தாலும் சரி. அந்த வேலையில் நாள்தோறும் என்ன செய்வார்கள் என்று தெரிந்து எழுதுங்கள். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்து, புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டங்களுக்குக் கடன் மதிப்பிடும் வேலைக்குப் போக நினைப்பவர் இருக்கலாம். அது கேட்பதற்கும் நம்பும்படி இருக்கிறது. நீண்ட காலக் குறிக்கோளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

9. இப்போது முதல் பத்தி

நடுவும் முடிவும் கையில் இருக்கின்றன. இனி முதல் பத்தி எழுதச் சிறிது நேரம் போதும். உங்கள் கேள்வியை நேராக வையுங்கள். மாணவியின் முதல் வரி கடைசியில் இப்படி வந்தது: 'ஒரே ஏலச்சீட்டில் இருவர் வெவ்வேறு வட்டி விகிதத்தைச் சந்திக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாது.' அறிஞர்களின் மேற்கோள் எதுவும் இல்லை. திருக்குறளில் தொடங்குகிறவர்களும் உண்டு. குறள் மீது மரியாதை வையுங்கள், அதை இந்தத் தாளில் அலங்காரமாக ஒட்ட வேண்டாம்.

சொல் வரம்பு 600 என்று வைத்துக்கொண்டால் நான் சொல்லும் பங்கு: முதல் பத்திக்கு 70, நடுப்பகுதிக்கு 220, கணக்குக்கு 110, ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு 120, குறிக்கோளுக்கு 80. வரம்பு கூடினால் கூடுதல் சொற்களை நடுப்பகுதிக்கே கொடுங்கள்.

10. ஆங்கிலத்தைச் சரிபார்க்கும்போது

குறிப்பைத் தமிழில் எழுதினோம், அதை வரிக்கு வரி மொழிபெயர்க்கக் கூடாது. குறிப்பை மூடிவிட்டு, அந்த விஷயத்தை ஆங்கிலத்தில் ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். சின்ன வாக்கியம், செய்தவர் யார் என்று தெரியும் வாக்கியம்.

நம்மூர்ச் சொற்களில் சில வெளியில் புரியாது. லட்சம், கோடியை ஆயிரத்திலும் மில்லியனிலும் மாற்றுங்கள், கமா போடும் இடமும் மாறும். பவுனைக் கிராமில் எழுதுங்கள். அரியர் என்றால் அங்கே பாக்கித் தொகை. தாளை மறுபடி எழுதித் தேறினேன் என்று விரித்துச் சொல்லுங்கள். 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். சீட்டு என்ன என்று ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள். பொருளியல் புத்தகங்களில் இதை ரோஸ்கா (சுழற்சிமுறைச் சேமிப்பு, கடன் குழு) என்ற வகையில் சேர்க்கிறார்கள், அந்தப் பெயரையும் சொன்னால் நீங்கள் வாசித்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

11. யாரிடம் வாசிக்கக் கொடுப்பது

இரண்டு பேர் போதும். நிதி தெரிந்த ஒருவர், உங்கள் கல்லூரி ஆசிரியராகவோ பேங்கில் இருக்கும் மாமாவாகவோ இருக்கலாம். அவர் கணக்கில் பிழை பார்ப்பார். இன்னொருவர் நிதியே தெரியாதவர், அவருக்குக் கதை புரிகிறதா என்று பார்க்க. பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துப் பேரும் ஆளுக்கொரு வரியைச் சேர்ப்பார்கள். உங்கள் குரல் போய்விடும்.

காசு கொடுத்து எழுதி வாங்குவதை நான் ஏற்பதில்லை. ஓர் ஏஜென்சியில் எழுதி வாங்கியதாக இரண்டு பிள்ளைகள் தனித்தனியே என்னிடம் காட்டிய அறிக்கைகளில் நடுப்பத்தி சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது. பல பல்கலைக்கழகங்கள் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டுத்தான் எடுக்கின்றன. ஏஐ கருவிகளுக்கும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதி. விண்ணப்பத்தில் உறுதிமொழி கேட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு அதற்குள் நில்லுங்கள். இலக்கணம் பார்ப்பது ஒன்று, யோசிக்க வைப்பது வேறு. உங்கள் பாஸ்புக்கில் என்ன இருக்கிறது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது.

12. பதிவேற்றும் நாள்

தலைப்பில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இன்ஷியலை விரித்து எழுதியது பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரியும் இருப்பது நம் பக்கம் சகஜம். விண்ணப்பம் முழுக்க ஒரே வடிவம் வேண்டும். பி.டி.எஃப். ஆக மாற்றிய பிறகு ஒருமுறை திறந்து, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் தேடிப் பாருங்கள். அப்புறம் ரெஸ்யூமேயில் உள்ள தேதிகளோடு ஒத்துப் பாருங்கள்.

கடைசித் தேதி பிரிட்டன் நேரப்படி இரவு 11.59 என்றால் குளிர்காலத்தில் நமக்கு அது மறுநாள் காலை 5.29. அந்த ஐந்தரை மணி நேரத்தை நம்பி உட்காராதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை நம் மாவட்டத்தில் மழை பிடித்தால் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் முன்னதாக ஏற்றிவிடுங்கள்.

சமர்ப்பித்த பிரதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள். சில இடங்களில் வீடியோ நேர்காணல் உண்டு, கேள்விகள் அந்தப் பிரதியிலிருந்தே வரும், நீங்கள் போட்ட ஐ.ஆர்.ஆர். கணக்கை மறுபடி விளக்கச் சொல்லலாம். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியர்களுக்கும் அவர்கள் எழுதத் தொடங்கும் முன் ஒரு பிரதியை அனுப்புங்கள். நீங்கள் ரிஸ்க் அனலிஸ்ட் ஆக விரும்புவதாக எழுதியிருக்க, அவர் உங்களைச் சிறந்த கணக்குத் தணிக்கையாளராக வருவார் என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது.